பூரணி எங்கேயும் போகவில்லை

1

இந்தக் கதை ஓர் அடிக்குறிப்பிலிருந்து பிறந்தது.

போன ஜனவரியில் (1965) தலவாக்கலைத் தபால் கந்தோரில் என் பெயருக்கு ஒரு பார்சல் வந்து கிடந்தது. லண்டன் முத்திரை. பிரித்தால் எண்பது பக்கத்தில் ஓர் ஆங்கிலக் கவிதைப் புத்தகம். தடித்த தாள், நீலத் துணி அட்டை, முகப்பில் பனியில் சறுக்குவண்டி இழுத்துப் போகும் ஐந்து மனிதர்களின் கோட்டுப்படம். எழுதியவர் ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரப் பெரியதுரையாக இருந்து ஊர் திரும்பியவர். உள்பக்கத்தில் ‘பழைய நண்பனுக்கு’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார். நான் எந்தக் காலத்தில் அவருக்கு நண்பனாக இருந்தேன் என்று யோசித்துக்கொண்டே புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில், கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் இது இருந்தது:

‘இந்தக் கவிதையை இலங்கையில் என் தோட்டத்துக் கூலிப் பெண்ணொருத்தி, ஒரு தமிழ் ஆசிரியரின் உதவியோடு, தன் மொழியில் பாடினாள். நம் கப்டனுக்காக அவள் விட்ட கண்ணீர் உண்மையானது.’

உதவி செய்த தமிழ் ஆசிரியர் நான். கூலிப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது. கண்ணீர் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ‘கப்டனுக்காக’ என்ற ஒரு சொல் மட்டும் பச்சைப் பொய். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பதினான்கு வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவன், அன்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அந்தப் பக்கத்தையே திறந்து வைத்திருந்தேன். என் மனைவி இசபெல் புத்தகத்தை வாங்கி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு, ‘எழுதித் தொலைங்க’ என்றாள்.

2

தொடக்கங்கள்.

‘நானுஓயா மலைகளை மூடுபனி தழுவிக் கிடந்த ஓர் இனிய காலைப் பொழுதில்...’

[அடித்துவிட்டேன். கொழும்புப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ‘மலையக மணம் கமழ ஒரு கதை தாருங்கள்’ என்று கேட்டிருந்தார். அவருக்காக எழுதிய வரி. மணம் வேண்டுமானால் அவர் மழைக்காலத்தில் எங்கள் சனம் குடியிருக்கும் ஒரு லயத்துக் காம்பராவுக்குள் வந்து மூச்சை இழுக்கட்டும்.]

‘மத்தியாஸ் வாத்தியாருக்கு இருபத்துநாலு வயது. ஊசிக்கல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவர் ஒருவரே ஆசிரியர். கவிதை எழுதுவார். ஏழை எளியவர்கள் மீது மிகுந்த இரக்கம்...’

[அடித்துவிட்டேன். மத்தியாஸ் நான்தான். ‘அவர்’ என்று எழுதினால் அவர் செய்ததை நான் தள்ளி நின்று பார்க்கலாம், கொஞ்சம் திட்டவும் செய்யலாம், கடைசியில் மன்னித்தும் விடலாம். அந்தச் சௌகரியம் எனக்கு வேண்டாம்.]

‘பூரணி கேட்டாள்: செத்தவரு எனக்கு என்னா மொறைங்க?’

[இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை. ஆனால் இதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.]

3

1951. சுதந்திரம் வந்து மூன்று வருஷம். தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு அதே நேரம், மலை அதே மலை, துரையும் அதே துரை. ஒன்றுதான் புதிது. அதுவரை இந்த நாட்டில் சும்மா இருந்த இந்தியத் தமிழர் நாங்கள், இருந்தோம் என்று எழுதிக் கொடுத்து நிரூபிக்க வேண்டியவர்கள் ஆகிவிட்டோம். பிரஜாவுரிமை மனு. கடைசி நாள் ஆகஸ்ட் ஐந்து. அந்த வருஷம் நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதைவிட அவர்களுடைய அப்பன் அம்மாவுக்கு மனு நிரப்பியதுதான் அதிகம்.

பூரணியின் மனுவையும் நான்தான் நிரப்பினேன். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து எடுப்பவள். புருஷன் சின்னத்தம்பி றோட்டு வேலையில் மண் சரிந்து செத்துப் போயிருந்தான். ஒரே மகள், வேலாயி. புருஷன் இல்லாதவளிடம் சட்டம் கேட்டது இதுதான்: நாற்பத்தாறுக்கு முன்னால் பத்து வருஷம் தொடர்ந்து இங்கேயே இருந்திருக்க வேண்டும். ஒரே போக்கில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கடல் தாண்டிப் போய் இருந்திருக்கக் கூடாது.

அதற்குச் சாட்சி, யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று தோட்டத்தில் எழுதி வைக்கும் செக்றோல் புத்தகம். ஊசிக்கல்லில் உலகச் சண்டைக்காலத்துச் செக்றோல் எல்லாம் கந்தோர்க் கூரை ஒழுகி ஊறி மக்கிப் போயிருந்தன. மிஞ்சியது துரையின் கடிதம். ‘இவள் இங்கேதான் இருந்தாள்’ என்று அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் பூரணிக்கும் வேலாயிக்கும் ஒரு நாடு உண்டு. போடாவிட்டால் இல்லை. இந்தக் கதையில் வேறு எந்த மர்மமும் கிடையாது.

அந்த நேரத்தில்தான் துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

துரைக்குத் தென்துருவப் பைத்தியம். பங்களாச் சுவரெல்லாம் கப்பல், பனி, தாடி வைத்த மனிதர்கள்.* நுவரெலியாக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கப்டனைப் பற்றி நூற்றிருபது வரியில் ஒரு கவிதை எழுதியிருந்தார். வருஷா வருஷம் ஜூன் மாதத்தில், தென்துருவத்தில் நடுக்குளிர்காலம் என்று சொல்லி, பங்களாவில் ஒரு பெரிய மத்தியானச் சாப்பாடு வைப்பார். பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரெல்லாம் வருவார்கள். அந்த வருஷம் அவருக்கு ஒரு புது யோசனை.

“வாத்தியார், லயத்துல ஆள் செத்தா பொம்பளைங்க பாடுது இல்ல? எனக்கு அது வேணும். என் கப்டனுக்கு அது வேணும். நீ இதைத் தமிழ் பண்ணு.”

“ஒப்பாரிங்களா துரை?”

“அதேதான். நல்லாப் பாடுற ஆள் யாரு?”

நான் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். “பூரணி நல்லாப் பாடும் துரை. அதோட கடிதம் ஒண்ணு ஒங்க மேசையில இருக்கு.”

துரை சிரித்தார். “பாட்டு முடியட்டும். மறுநாள் கையெழுத்து.”

* தெரியாதவர்களுக்கு: அந்தக் கப்டனும் நான்கு பேரும் வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு பூமியின் தென்கோடிக்குப் போனார்கள். போய்ப் பார்த்தால் வேறு நாட்டான் முந்திக் கொடி நட்டிருந்தான். திரும்பி வரும் வழியில், சாப்பாடு புதைத்து வைத்த இடத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மைல் இருக்கும்போது, முன்பே செத்த இருவர் போக மிச்ச மூவரும் பனிப்புயலில் கூடாரத்துக்குள் செத்துப்போனார்கள். எட்டு மாதம் கழித்துத் தேடிப் போனவர்கள் உடலைக் கண்டார்கள். கூடவே டயரியும் கடிதங்களும் ஓர் எழுத்தும் கலையாமல் கிடைத்தன. எங்கள் செக்றோலை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு தகரக் கூரையைச் சரியாக ஆணியடித்து வைக்க இந்தக் கம்பெனிக்கு வக்கில்லை.

4

ஒத்திகை பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில். பூரணியோடு பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணுவும் வருவாள். ஒப்பாரிக்குக் கட்டிப்பிடித்து எதிர்க்குரல் கொடுக்க இன்னொருத்தி வேண்டும்.

நான் கதையைச் சொன்னேன். பூரணி படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து மடித்து, அதன் மேல் உட்கார்ந்து கேட்டாள்.

“எதுக்குங்க போனாங்க?”

“தென்துருவத்தைப் பாக்க.”

“அங்கிட்டு என்னா இருக்கு?”

“பனிதான்.”

“சனம்?”

“ஒருத்தரும் இல்ல.”

“ஏதாச்சும் வெளையுமா?”

“ஒண்ணும் வெளையாது.”

அவளும் அம்மாக்கண்ணுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எத்தன நாளாங்க ஊர வுட்டுப் போயிருந்தாங்க?”

“செத்தவங்க போக மிச்ச ஆளுங்க ஊருக்குத் திரும்ப மூணு வருஷம் ஆச்சு.”

“மூணு வருஷம் கழிச்சு வந்தவங்கள உள்ள வுட்டாங்களா?”

நான் சிரித்தேன். “அவங்க நாடுதானேக்கா? ராசாவே கூப்பிட்டுப் பதக்கம் குத்திவிட்டாரு.”

பூரணி சிரிக்கவில்லை. எனக்கு அப்போது அந்தக் கேள்வி உறைக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. ஒருவன் ஒன்றும் விளையாத, ஒருவரும் இல்லாத இடத்துக்கு மூன்று வருஷம் போய்த் திரும்புகிறான், அவனுக்குப் பதக்கம். ஒருத்தி சாகக் கிடக்கிற அண்ணனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கப் போய்—

[வேண்டாம். அது ஐந்தாம் பகுதி.]

பிறகுதான் அந்தக் கேள்வி.

“செத்தவரு எனக்கு என்னா மொறைங்க?”

“மொறையா? ஒரு மொறையும் இல்ல. வெள்ளைக்காரக் கப்டன்.”

“அப்படிப் பாட முடியாதுங்க வாத்தியாரய்யா. ‘என்னப் பெத்த அப்பா’ங்கணும், இல்ல ‘கூடப் பொறந்தவரே’ங்கணும். ‘கப்டன் தொர’ன்னு கூப்புட்டு எப்படிங்க அழுவுறது? மொறை வெக்காம ஒப்பாரி நிக்காது.”

அம்மாக்கண்ணுவுக்கு வேறு பயம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் சாவு விழும் என்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: “விழுந்தா தொரை பங்களாவுலதானே விழும்? நீ பாடு புள்ள.”

பூரணி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். “சரி, அண்ணன்னு வெச்சுக்குவோம்” என்றாள்.

5

(இதை எழுதாமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.)

என் மொழிபெயர்ப்பு இப்படித் தொடங்கியது:

தென்திசையின் கோடியிலே தீரமிகு கப்டனவர்
தன்கொடியை நாட்டத் தளராமல் சென்றனரே!

சிரிக்காதீர்கள். இருபத்துநாலு வயதில் இதை நான் கவிதை என்று நம்பினேன். பூரணி அதை மனப்பாடம் செய்து, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். உயிரே இல்லை. கணக்கப்பிள்ளை பெயர் வாசிக்கிறது போல இருந்தது. இரண்டு சனிக்கிழமை போயிற்று. துரைமார் நிறைந்த சபையில் என் பெயர் கெட்டுப்போகும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கவனியுங்கள், பூரணியின் கடிதம் என்ன ஆகும் என்ற பயம் இல்லை. என் பெயர்.

மூன்றாம் சனிக்கிழமை சொன்னேன்: “அக்கா, நான் எழுதினத விட்டுருங்க. ஒங்க சொந்த அண்ணன நெனச்சுக்கிட்டு, வாயில வர்றதப் பாடுங்க.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “வேணாங்க வாத்தியாரய்யா. நெசம் வந்துரும்.”

“வரட்டும்” என்றேன்.

ஒரு சொல். அதைச் சொன்னபோது எனக்குத் தெரியாத எதுவும் இருக்கவில்லை. சண்டைக்காலத்தில், திருச்சிப் பக்கம் இருந்த அவள் அண்ணன் நல்லமுத்து நெஞ்சுச் சளி வந்து சாகக் கிடந்ததும், அவள் கப்பலேறிப் போனதும், போன இடத்தில் பெண்டாட்டி இல்லாத அவனை அவளே வைத்துப் பார்த்ததும், அவன் செத்த பிறகுதான் திரும்பி வந்ததும் எனக்குத் தெரியும். எத்தனை மாதம் என்று இங்கே எழுத மாட்டேன். பன்னிரண்டுக்கு மேல். மனு நிரப்பும்போது அவளே குரலைத் தாழ்த்திச் சொன்னது அது. “போனது நெசந்தாங்க. அத மட்டும் எழுதிறாதீங்க.” நான் எழுதவில்லை. வெளிநாடு சென்றதுண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியவன் நான்.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டிய ஒரே ஆள், கவிதை நன்றாக வர வேண்டும் என்பதற்காக ‘வரட்டும்’ என்றான்.

6

ஜூன் இருபத்துநாலு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே நல்ல மழை. பங்களா மண்டபத்தில் துரை தரையெல்லாம் பனி செய்து வைத்திருந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து கட்டுக் கட்டாகப் பஞ்சை எடுத்து வந்து விரித்த பனி. அந்த மாதம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு முழங்காலைப் பிளந்துகொண்ட ஒருவனுக்குக் கட்டுப்போடப் பஞ்சில்லை என்று டிஸ்பென்சர் பழந்துணி கொடுத்து அனுப்பியது எனக்குத் தெரியும். நான் அந்தப் பஞ்சின் மேல் காலைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பூரணியும் அம்மாக்கண்ணுவும் மழைக்குப் போர்த்தும் கறுத்தக் கம்பளியோடு வந்தார்கள். அதைக் கழற்ற வேண்டாம், பனிக்காட்டுக்குப் பொருத்தம் என்று துரை சொல்லிவிட்டார். பஞ்சின் நடுவில் இருவரும் குந்தி, தோளில் தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். துரை எழுந்து ஆங்கிலத்தில் தன் கவிதையின் முதல் இருபது வரியைச் சொன்னார். கைதட்டல். பிறகு பூரணி.

வெள்ளப் பனிக்காட்டில – என் கூடப் பொறந்த அண்ணாவே
வெறகில்லாம வெறச்சீகளோ
மூட்ட நெருப்பில்லாம – என் முத்தான அண்ணாவே
மூச்சடங்கிப் போனீகளோ

கொடி நட்ட கையாலே – எனக்குக்
கோடிச் சீல தருவீகளோ
கூடாரம் சாஞ்சதுன்னு – இங்க
கூவுறது கேக்கலியோ

இதுவரை கப்டன். இதுவரை பாடி நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் ஒப்பாரியை அப்படி நிறுத்த வராது. எந்தச் செத்த வீட்டிலும் பாருங்கள், நாலு அடிக்கு மேல் போனால் அழுகிறவள் தன்னுடைய சாவுக்குத்தான் அழுவாள். அதற்காகத்தான் அந்த வீட்டுக்கே வந்திருப்பாள். பூரணியின் உடம்பு ஆட ஆரம்பித்தது. கம்பளி நழுவிப் பஞ்சில் விழுந்தது.

தலமன்னார் கப்பலேறித் – தவிச்சு வந்தேன் அண்ணாவே
மண்டபத்துக் கேம்பு தாண்டி – ஒங்க மடியோரம் வந்து நின்னேன்
மாசமோ (              ) – மருந்தரச்சுக் காத்திருந்தேன்
மண்ணள்ளிப் போட்டுப்புட்டு – மறுகப்பல் ஏறி வந்தேன்
இனிப் போக வூடு இல்ல – எனக்கு
அந்தக் கரையில நாதியில்ல

[அடைப்புக்குள் இருந்த எண்ணை நான் அழித்திருக்கிறேன். அவள் அழிக்கவில்லை, உரக்கப் பாடினாள்.]

துரை அழுதார். அவர் மனைவியும் அழுதாள். கப்டனுக்காகத்தான் அழுதார்கள். ஒரு சொல் புரியவில்லை அவர்களுக்கு. நான் அழவில்லை, நெஞ்சு விம்ம நின்றுகொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில். ‘இது என் கவிதை’ என்று நினைத்தேன்.

தமிழ் புரிந்து அழுத ஒரே ஆள், மூன்றாவது வரிசைக் கதிரையில் இருந்த விருந்தாளி. பிரஜாவுரிமைக் கந்தோர் விசாரணை அதிகாரி. றோலண்ட் என்று வைத்துக்கொள்வோம்.

7

இந்த றோலண்டை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதல் றோலண்ட் கெட்டவன். மீசையை முறுக்குவான், சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, இளித்துக்கொண்டே எழுதுவான். இவனை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் இப்படி ஒரு ஆளை நான் பார்க்கவில்லை.

இரண்டாவது றோலண்ட் நல்லவன். எல்லாம் கேட்டும் கேட்காதவன் போல எழுந்து போவான். இவனையும் நான் பார்க்கவில்லை.

நான் பார்த்த ஆள் இவர்தான்: ஐம்பது வயது, சுத்தமான கைக்குட்டை, உண்மையாகவே சிவந்த கண். பாட்டு முடிந்ததும் இரண்டு பெண்களுக்கும் குசினிப் பக்கம் தகரக் குவளையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அதிகாரி அங்கே நடந்து போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, பூரணிக்கு முன்னால் நின்று, துக்கம் விசாரித்தார்.

“அண்ணன் எப்பம்மா தவறினாரு?”

உங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியும். துக்கம் விசாரிக்கிறவனிடம் மறைக்க மாட்டார்கள். அது செத்தவனுக்குச் செய்கிற மரியாதை. என்ன வருத்தம், என்ன மருந்து, கடைசியாக என்ன கேட்டான், யார் மடியில் தலை இருந்தது, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்தில் அந்தச் சாவை அவளிடம் விசாரித்த முதல் ஆள் இவர். லயத்தில் எல்லோருக்கும் அது தெரிந்த பழைய கதை. பூரணி தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சொன்னாள். எந்த வருஷம், எந்த மாசம் கப்பலேறினாள், எந்தத் தையில் திரும்பினாள், எல்லாம்.

நான் நாலு முழத் தூரத்தில் நின்றேன். காதில் விழுந்தது. ஓடிப்போய் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம், ‘அது பாட்டுங்க சார், நான் எழுதிக் கொடுத்தது’ என்று. நான் அசையவில்லை. ஏன் தெரியுமா? துரை என் தோளில் கை போட்டிருந்தார். என் பரம்பரையில் ஒருவன் தோளிலும் ஒரு துரையின் கை அப்படி விழுந்ததில்லை. அந்தக் கை விலகிவிடக் கூடாது என்று நின்றேன்.

[இந்தப் பத்தியை நாலு தடவை அடித்து, நாலு தடவை திரும்ப எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.]

8

துரை சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமையே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விசாரணை ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. அதே அதிகாரிதான் கடிதத்தைப் படித்தார். பிறகு மிகவும் பணிவாக, அம்மா நீங்கள் அன்றைக்கு என்னிடம் இப்படிச் சொன்னீர்களே என்றார். பூரணி ஆமாம் என்றாள். அண்ணன் சாவை அவர் முகத்துக்கு நேராக எப்படி இல்லை என்பாள்? மனு தள்ளுபடி. பூரணியும் வேலாயியும் அந்த நாளிலிருந்து எந்த நாட்டு ஆளும் இல்லை.

அந்தக் கரையில் எனக்கு யாரும் இல்லை என்று அழுதாள். அதை ஆதாரமாக வைத்து, இந்தக் கரையும் உனக்கு இல்லை என்று எழுதினார்கள். இதைச் சட்டம் என்கிறார்கள். எனக்கு நாகரிகமான வசவு ஒன்றும் வாயில் வரவில்லை, ஆகவே எழுதவில்லை.

முடிவுகள்.

(அ) அப்பீலில் ஒரு நல்ல நீதவான் கண்ணீர் மல்கத் தீர்ப்பை மாற்றுகிறார். [பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.]

(ஆ) பூரணி பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் என்னைச் செருப்பால் அடிக்கிறாள். [எனக்குப் பிடிக்கும். அவளிடம் அப்போது செருப்பு இருக்கவில்லை.]

(இ) அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சாவிலும் பாடவில்லை. சொந்த மாமியார் செத்தபோதும் ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று லயம் முழுக்கப் பேசிற்று.

நடந்தது மூன்றாவது. ஆனால் அது முடிவில்லை. போன வருஷக் கடைசியில் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து எங்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்துக்கொண்டார்களே, அதற்கு யார் இங்கே, யார் அங்கே என்று பட்டியல் எழுத இனிமேல்தான் வரப்போகிறார்கள்.

9

எட்டுப் பகுதியையும் எழுதி முடித்து, பஸ் ஏறி ஊசிக்கல்லுக்குப் போனேன். பூரணிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. இன்னும் கொழுந்துதான் எடுக்கிறாள். வேலாயிக்குக் கல்யாணமாகி மடியில் பிள்ளை. நான் வாசித்தேன். அடிக்குறிப்பிலிருந்து அடைப்புக்குறி வரை, என் தோளில் இருந்த கை உட்பட, ஒன்றையும் விடவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் திட்டு வாங்கத்தான் போனேன்.

“இத அச்சுப் போடுவீங்களா?” என்றாள்.

“ஆமாக்கா. தொரை பொய் எழுதி அச்சுப் போட்டிருக்காரு. அதுக்குப் பதில் வேணாமா?”

“தொரை என்னா எழுதியிருக்காரு? இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னேன். நம் கப்டனுக்காக அவள் விட்ட கண்ணீர் உண்மையானது.

“ஒங்க பொஸ்தகத்த யாரு படிப்பாங்க?”

“எல்லாரும் படிப்பாங்க.”

“கந்தோர்க்காரவுங்களும்?”

‘எல்லாரும்’ என்று சொன்ன வாய் எது? பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ‘வரட்டும்’ என்ற அதே வாய். அவள் பாட்டை வைத்து ஒரு தடவை அவளைக் காட்டிக்கொடுத்தேன். இப்போது கோபம் என்று பெயர் வைத்து, பகுதி பகுதியாக நம்பர் போட்டு, இரண்டாந்தடவை காட்டிக்கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறேன். நல்ல நடையில்.

பூரணி பேரப்பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். “எழுதினது எழுதிட்டீங்க. கடைசியில இப்படிப் போடுங்க. நான் எங்கயும் போவல.”

“அண்ணன்?”

“எந்த அண்ணன்?”

நான் கையிலிருந்த தாள்களை மடித்தேன்.

“எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லங்க. பனியில செத்தாரே அந்தத் தொரை, அவரு ஒருத்தருதான். அவருக்குத்தான் அழுதேன். அதான் அச்சுலயே இருக்கே.” சொல்லிவிட்டு அவள் வேலாயியைப் பார்த்தாள், வேலாயி பிள்ளையைப் பார்த்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கியும் இறக்க யாரும் எழும்பவில்லை.

நான் திரும்பி வந்து அலமாரி மேலிருந்து நீல அட்டைப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். எரிக்க வேண்டும் என்று இருந்த புத்தகம். இப்போது தகரப் பெட்டிக்குள், கூரை ஒழுகினாலும் நனையாத இடத்தில் வைத்திருக்கிறேன். லண்டனில் அச்சான சாட்சி, துரையின் கையெழுத்தோடு. இவர்கள் அதைத்தான் நம்புவார்கள்.

இனி உங்கள் வேலை. இந்தக் கதையில் வரும் பெயர்களில் ஒன்றாவது உண்மை என்று நினைத்தீர்களா? தோட்டத்தை மாற்றினேன், ஊரை மாற்றினேன், எண்ணை அழித்தேன். அழிக்க முடியாமல் மிஞ்சியது உங்கள் தலைக்குள் இருக்கிறது. ஒரு பேனாவை எடுங்கள். ஐந்தாம் பகுதியில் திருச்சிப் பக்கம் சாகக் கிடந்தவனை அடியுங்கள். ஆறாம் பகுதியில் ‘தலமன்னார்’ என்பதிலிருந்து ஆறு வரியை அடியுங்கள். ஏழாம் பகுதியில் குசினிப் பக்கம் யாரும் செருப்பைக் கழற்றவில்லை. நல்லமுத்து என்று ஒருவன் பிறக்கவில்லை, சளியில் இருமவில்லை, தங்கச்சி மடியில் சாகவில்லை. அடிக்கும்போது கை கூசினால் கூசட்டும். அவளுக்கும் கூசியது.

ஒரு நாள், நல்ல சட்டை போட்ட ஒருவர், ஈரமான கண்ணோடு, மிகவும் பணிவாக வந்து உங்களிடம் விசாரிப்பார். இப்படிச் சொல்லுங்கள்: பூரணி எங்கேயும் போகவில்லை. அவளுக்கு அண்ணன் கிடையாது. அவள் அழுதது கப்டனுக்காக.